வெளுத்த முகமும் நுரைத்த சிறுநீரும்

இதை எழுதுகிற இன்று என் முகம் பழையபடி கறுத்துவிட்டது. கன்னங்கள் ஒட்டிப்போய், நெற்றியில் பழைய வெயில் நிறம் ஏறி, பள்ளிக்கூடப் படத்தில் இருந்த மாரீஸ்வரி திரும்பி வந்திருக்கிறாள். பார்க்கிறவர்கள் எல்லாம் "ஐயோ, ஏன் இப்படி ஆயிட்ட?" என்று கேட்கிறார்கள். உடம்பு தேறியதால்தான் இப்படி ஆனேன் என்று ஒவ்வொருவருக்கும் விளக்கிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

இன்னொரு காரணமும் உண்டு. காலையில் எழுந்ததும் கண்ணிமை தடித்திருக்கிற, ஷிப்ட் முடிந்து சாக்ஸைக் கழற்றினால் காலில் அச்சு ஆழமாகப் பதிந்திருக்கிற பெண்கள் இந்த ஒரகடம் வட்டாரத்து விடுதிகளில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியாவது இதைப் படித்துவிட்டு, கழிப்பறையில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் கொஞ்சம் குனிந்து பார்த்தால் போதும்.

எனக்கு ஊர் கோவில்பட்டிப் பக்கம். டிப்ளமா முடித்துவிட்டு, செல்போன் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் லைன் வேலைக்கு வந்தேன். தங்கியது சேரப்பணஞ்சேரியில் ஒரு பெண்கள் விடுதி. அறைக்கு ஆறு பேர், ஒரு ஜன்னல், எப்போதும் காயாத துணிகள். விடுதியைப் பார்த்துக்கொண்டது லலிதா என்கிற உள்ளூர்க்காரி. 'அவர்' என்று எழுத மனம் வரவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். அப்போது அவள் எங்களுக்கெல்லாம் லலிதாக்கா. காய்ச்சல் என்றால் மிளகு ரசம் வைத்துத் தருவாள். ஓ.டி. முடிந்து தாமதமாக வந்தால் சோறு எடுத்து மூடி வைத்திருப்பாள். கெட்டவள் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. இப்போது நினைத்தால் குமட்டுவது அந்த ரசம்தான்.

ஆனால் கதை அவளிடம் தொடங்கவில்லை. கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து ஆட்கள் பார்வையிட வந்தார்கள். அவர்கள் நடந்து வருகிற வழியோரம் யார் யார் நிற்பது என்று லைன் லீடர் பொறுக்கிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். லீவு கேட்டால் முகம் சுளிக்க மாட்டார். என்னிடம் சிரித்துக்கொண்டே, "மாரி, நீ பேக்கிங் பக்கம் போயிடும்மா. இங்க கொஞ்சம் பளிச்சுன்னு இருக்கட்டும்" என்றார். யாரும் திட்டவில்லை, விரட்டவில்லை. நானும் ஒன்றும் கேட்காமல் போய் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றேன். அந்தச் சமயத்தில்தான் அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் என் படத்தைப் பார்த்துவிட்டு, "பிள்ளை லட்சணமாத்தான் இருக்கு. கலருதான்..." என்று இழுத்தார்களாம். அம்மா அதை எனக்குப் போனில் சொன்னபோது அவளும் அதே இடத்தில்தான் இழுத்தாள்.

அன்றைக்கு விடுதி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். லலிதா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னாத்துக்குமா மூஞ்ச தொங்கப் போட்டுகினு கீற?"

சொன்னேன். அவள் என் முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"மூக்கும் முழியும் நல்லாத்தான கீது. அந்த ஜோதிப் பொண்ணப் பாரு. வர சொல்ல எப்டி இருந்தா, இப்ப எப்டி கீறா? ராத்திரி பூசிகினு பட்த்துக்கோ. மாப்ள வூட்டுக்காரன் தானா வருவான்."

ஜோதி என் அறைத் தோழி. செய்யாறு பக்கத்துப் பெண். அவள் முகம் கொஞ்ச மாதங்களில் உரித்து எடுத்தது மாதிரி வெளுத்திருந்தது எனக்கும் தெரியும். அடுத்த நாளே ஒரு சின்ன வெள்ளை டப்பா என் கையில் இருந்தது. மேலே பெயர் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது, யார் செய்தார்கள், எதுவும் எழுதவில்லை. "வெளிநாட்டு டாக்டர் கிரீம், இங்கெல்லாம் கடைல கெடைக்காது" என்றாள் லலிதா. திறந்தால் ரோஜா வாசனை. அதற்குக் கீழே, ஈரக் கையில் நாணயத்தை வைத்திருந்தால் வருமே, அந்த மாதிரி ஒரு நெடி.

வேலை செய்தது. அதுதான் இதில் கேவலமான விஷயம். ஏமாற்றுப் பொருள் என்றால் இரண்டு வாரத்தில் தூக்கிப் போட்டிருப்பேன். இது சொன்னதைச் செய்தது. முகம் வெளுத்தது, பளபளத்தது. லைனில் பெண்கள் "என்ன போடுற?" என்று கேட்டார்கள். லைன் லீடர் ஒருமுறை நின்று பார்த்துவிட்டு, "அட, நம்ம மாரியா!" என்றார். அம்மா புதுப் படம் கேட்டாள். அனுப்பினேன். அருப்புக்கோட்டைக்காரர்கள், "இதே பிள்ளையா? மொத வேற படத்தக் காட்டிட்டியளோ?" என்று கேட்டுவிட்டுச் சம்மதம் சொன்னார்கள்.

அதற்குள் என் சிறுநீர் நுரைக்க ஆரம்பித்திருந்தது. பாத்திரம் துலக்கிய தண்ணீர் மாதிரி, ஊற்ற ஊற்ற அடங்காத வெள்ளை நுரை. கழிப்பறை கழுவுகிற பவுடர் மிச்சம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். காலையில் கண் திறக்கச் சிரமமாக இருந்தது. தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் கால் கனத்தது. நாளெல்லாம் நின்றபடி வேலை, எல்லோருக்கும் இருப்பதுதான். ஒரு கிளினிக்கில் காட்டினேன். அங்கிருந்த டாக்டரும் அதையே சொல்லி, நீர் பிரிய ஒரு மாத்திரை எழுதித் தந்தார். வீக்கம் வடிந்தது. மாத்திரை தீர்ந்ததும் திரும்ப வந்தது.

முகம் உப்பியது எனக்குக் கெடுதலாகவே தெரியவில்லை. ஒட்டியிருந்த கன்னம் நிறைந்துவிட்டது. வீடியோ காலில் அம்மா பூரித்துப்போனாள்.

"நல்லா பூசினாப்புல இருக்கட்டி. கல்யாணக் களை வந்துட்டு. கண்ணு பட்டுரும், உப்பச் சுத்திப் போடு."

அந்த நேரம் என் சிறுநீரகம் ஒழுகிக்கொண்டிருந்தது. ஒரு நோய்க்குத் திருஷ்டி கழித்தோம் நாங்கள்.

ஒரு காலை கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது இரண்டாவது படியில் மூச்சு நின்றுவிட்டது. நெஞ்சுக்குள் ஈரத்துணியைத் திணித்த மாதிரி. கம்பெனியின் முதலுதவி அறையில் இருந்த நர்ஸ் என் முழங்காலுக்குக் கீழே கட்டை விரலால் அழுத்தி எடுத்தார். பிசைந்த மாவில் விரல் வைத்தது மாதிரி குழி விழுந்தது. குழி நிரம்பவே இல்லை. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். "நீ லைனுக்குப் போகாத. இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ" என்று அவரே வண்டி ஏற்பாடு செய்தார்.

சென்னையில் தொழிலாளர் காப்பீட்டு அட்டையைக் காட்டி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். புறநோயாளிக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி வரிசையில் காத்திருந்தபோது எல்லோர் கையிலும் ஒரு சின்னக் குப்பி. என் குப்பியை நான் துப்பட்டாவுக்குள் மறைத்து வைத்திருந்தேன். சூடாக இருந்தது. உள்ளே நுரை மட்டும் வெள்ளையாக மேலே நின்றது. சோதனைச்சாலைப் பெண் அதில் ஒரு காகிதப் பட்டையை முக்கினாள். மஞ்சளாக இருந்த சதுரம் கரும்பச்சையாக மாறியது. அவள் என் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பயம் அப்போதுதான் வந்தது.

சிறுநீரக டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. மெதுவாகப் பேசுவார்.

"கிட்னின்றது ஒரு சல்லடைம்மா. கழிவை வெளிய விடும், சத்தை உள்ள நிறுத்தும். உன் சல்லடையில ஓட்டை பெருசாயிடுச்சு. ரத்தத்துல இருக்கிற புரதம் எல்லாம் யூரின்ல போயிட்டு இருக்கு. முட்டை வெள்ளைக்கருவை அடிச்சா நுரைக்குமே, அதே புரதம்தான். ரத்தத்துல அது குறைஞ்சா தண்ணி ரத்தக் குழாய்ல நிக்காது. முகம், கால், நுரையீரல் பக்கம்னு கண்ட இடத்துல தேங்கும்."

"சரியாயிடுமா மேடம்?"

"ஏன் வந்துதுன்னு தெரிஞ்சாதான் சொல்ல முடியும்."

இரண்டாம் நாள் ஊரிலிருந்து மதினி வந்தாள். அண்ணன் பொண்டாட்டி, பெயர் செண்பகம். அம்மாவுக்குப் பஸ் பயணம் ஒத்துக்கொள்ளாது. அண்ணன் வரலாம், ஆனால் பெண்கள் வார்டில் ஆண்களை இருக்க விட மாட்டார்கள். எனக்கும் மதினிக்கும் பெரிய ஒட்டுறவு இருந்ததில்லை. அவள் பேச்சு வெட்டுக்கத்தி. பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்னட்டி இது, வெந்த கிழங்குக்குத் தோலுரிச்ச மாதிரி இருக்க?"

எத்தனையோ மாதங்களில் என் முகத்தைப் பார்த்து உண்மை சொன்ன முதல் ஆள் அவள்தான்.

ஆஸ்பத்திரி நாட்களில் நோயைவிட அருவருப்பாக இருந்தது அந்தக் கேன்தான். ஒரு நாள் முழுக்கப் போகிற சிறுநீரைச் சேர்த்து, எவ்வளவு புரதம் ஒழுகுகிறது என்று அளப்பார்கள். ஒவ்வொரு தடவையும் அதைக் கழிப்பறைக்குத் தூக்கிப் போய், தூக்கி வந்து கட்டிலுக்கடியில் வைக்க வேண்டும். ஆட்டினால் நுரை வாய் வரைக்கும் ஏறும். என்னுடைய அழுக்கு, என்னுடைய சத்து, இரண்டும் பிரிக்க முடியாமல் ஒரே கேனில். நான் குமட்டித் திரும்பிக்கொண்டபோது மதினிதான் அதை எடுத்துக்கொண்டு போனாள். மூக்கைச் சுளிக்கவில்லை. வீட்டில் மாட்டுச் சாணி அள்ளும்போது எப்படி இருப்பாளோ அப்படியே இருந்தாள்.

உப்பில்லாத சாப்பாடு. முதல் வாயிலேயே அழுதுவிட்டேன். நாக்கில் ஒன்றும் ஒட்டவில்லை, சுண்ணாம்பைத் தின்கிற மாதிரி இருந்தது. மதினி என் தட்டிலிருந்தே ஒரு பிடி எடுத்துத் தின்றாள். அன்றிலிருந்து அவளும் அதையேதான் சாப்பிட்டாள். கேன்டீனில் வாங்கிக்கொள்ளச் சொன்னபோது, "அங்கிட்டு ஒரே எண்ணெய்" என்றாள். கேன்டீன் வாசலில் நின்று அவள் சாம்பார் வாசனையை இழுத்துக்கொண்டு திரும்பியதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

பிறகு பயாப்ஸி. சிறுநீரகத்திலிருந்து ஊசியால் ஒரு நூல் அளவு சதைத் துணுக்கு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். குப்புறப் படுக்கவைத்து வயிற்றுக்கடியில் தலையணை கொடுத்தார்கள். முதுகில் மரத்துப்போகிற ஊசி. "மூச்சை இழுத்துப் பிடி" என்றார்கள். பின்னால் ஸ்டேப்ளர் அடிப்பது போல 'டக்' என்று ஒரு சத்தம். வலி பெரிதாக இல்லை. அந்தச் சத்தம் என் உடம்புக்குள்ளிருந்து வந்தது என்பதுதான் தாங்கவில்லை. முடிந்ததும் பொழுதெல்லாம் அசையாமல் மல்லாந்து படுக்க வேண்டும். சிறுநீரில் ரத்தம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பக்கத்து அறையில் டயாலிசிஸ் மெஷின்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. நானும் ஆயுள் முழுக்க அங்கே போய்ப் படுக்க வேண்டியிருக்குமோ என்று மனதுக்குள் வந்துகொண்டே இருந்தது. மதினி தலைமாட்டில் உட்கார்ந்து, ஊரில் யார் யாருக்கு யார் யாரோடு சண்டை என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். என் கவனம் திரும்பட்டும் என்றுதான். பாதி அவளாகக் கட்டிவிட்டது என்று பிறகு ஒப்புக்கொண்டாள்.

பயாப்ஸி முடிவு வந்த அன்று டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"நாட்டு மருந்து, லேகியம், பவுடர் ஏதாவது சாப்பிடுறியா?"

"இல்ல மேடம்."

"முகத்துக்கு என்ன போடுற?"

"சும்மா பவுடர்தான்."

மதினி சட்டென்று என் கையைப் பிடித்தாள். "பொய் சொல்லாதட்டி. உன் மூஞ்சி என்ன கலருன்னு எனக்குத் தெரியாதா? என்னத்தையோ பூசியிருக்கா மேடம், கேளுங்க."

சொன்னேன். டாக்டர் ஆச்சரியப்படவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"உன் துணுக்குல ஒரு தனி அடையாளம் தெரியுது. அது இருந்தா முகத்துக்கு என்ன போடுறன்னு கேக்காம விட மாட்டோம். அந்த டப்பா வேணும்."

மதினி வழி கேட்டுக் கேட்டு விடுதிக்குப் போய், டப்பாவை இரண்டு கவர் போட்டு முடிந்து கொண்டுவந்தாள். பஸ்ஸில் மடியில் வைக்காமல் கையைத் தள்ளி நீட்டிப் பிடித்தபடியே வந்திருக்கிறாள். அதையும் என் ரத்தத்தையும் சிறுநீரையும் வெளியே ஒரு சோதனைச்சாலைக்கு அனுப்பினார்கள். அந்தச் செலவு காப்பீட்டில் வராது என்றதும் அண்ணன் பணம் அனுப்பினான். எப்படிப் புரட்டினான் என்று இன்றுவரை சொல்லவில்லை.

முடிவு வந்தது. பாதரசம். மூன்றிலும்.

"தெர்மாமீட்டர்ல இருக்குமே, அந்தப் பாதரசம்தான்" என்றார் டாக்டர். "தோல்ல கறுப்பு உண்டாகிறதை அது தடுக்கும். அதனாலதான் வெளுக்கும். ஆனா தோலோட நிக்காது. உள்ள போகும், கிட்னியில போய்த் தங்கும். கிட்னியை உடம்பே தாக்குற மாதிரி பண்ணிடும்."

மதினி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "தெர்மாமீட்டர் உடஞ்சா கையால தொடாதன்னு பள்ளிக்கூடத்துல சொல்லுவாக. அதையாட்டி மூஞ்சில தேச்ச?"

எழுந்து கழிப்பறைக்குப் போனேன். வார்டில் தந்த சோப்பை எடுத்து முகத்தில் தேய்த்தேன், கழுவினேன், தேய்த்தேன். கண் எரிந்தது, தோல் உரிந்தது. ரோஜா வாசனை போகவில்லை. அது இனி தோலில் இல்லை, எனக்குள் இருக்கிறது என்று தெரிந்தும் தேய்த்தேன். என் முகத்தைக் காலையும் மாலையும் மெச்சிய ஒவ்வொரு வாயும் நினைவுக்கு வந்தது. விஷத்தைப் பார்த்துதான் அத்தனை பேரும் அழகு என்றார்கள். நானும்தான். கண்ணாடியில் அதைப் பார்த்து நானே சிரித்திருக்கிறேன். வாந்தி எடுத்தேன். நர்ஸ் வந்து கையிலிருந்த சோப்பைப் பிடுங்கினார்.

டாக்டர் நல்ல செய்தியும் சொன்னார். கிரீமை நிறுத்தினால் பலருக்கு மெல்ல மெல்லத் தானாகவே ஒழுக்கு குறையும். மாத்திரை உண்டு, உப்பு கூடாது, பொறுமை வேண்டும். போகும்போது ஒன்று சொன்னார். "நீ படுத்த தலையணை, துண்டு எல்லாம் தூக்கிப் போட்டுடு. இது தொட்டதுலயெல்லாம் ஒட்டும். வேற யாராவது போடுறாங்களா? கர்ப்பமா இருந்தா வயித்துப் பிள்ளைக்கும் போகும்."

ஜோதி கர்ப்பமாக இருந்தாள். கல்யாணம் ஆகி, விடுதியைக் காலி செய்து, சேரப்பணஞ்சேரியிலேயே புருஷனோடு வாடகை வீட்டில் இருந்தாள். டப்பா மட்டும் லலிதாவிடமிருந்து போய்க்கொண்டிருந்தது. உடனே போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு சிரித்தாள்.

"எனுக்கு ஒண்ணும் ஆவலியே. உனுக்கு எதனா வேற வியாதி இருக்கும். என் மூஞ்சி நல்லா இருக்கிறது உனுக்கு ஏண்டி உறுத்துது?"

வைத்துவிட்டாள். மறுபடி எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியதும் நேரே ஊருக்குப் போகலாம் என்றாள் மதினி. சாமான் எடுக்க வேண்டும் என்று விடுதிக்குக் கூட்டிப் போனேன். சாமான் எடுப்பது வெறும் சாக்குதான். லலிதா கீழே அவள் அறையில் இருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த அவள் மகள் கட்டிலில் கால் நீட்டிப் போன் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சோதனை முடிவைச் சொன்னேன். லலிதா அசையவில்லை.

"தா பாரு மாரி. நா இன்னா உன் கையப் புட்ச்சிப் பூசி வுட்டனா? எவ்ளோ பொண்ணுங்க போட்டுகினு நல்லாத்தான கீதுங்க. உன் ஒடம்பு வாகு அது. நீ இன்னாத்தத் தின்னியோ, எங்க போனியோ, எனுக்குத் தெரியுமா?"

"எங்க போனாளா?" மதினி ஒரு எட்டு முன்னால் வந்தாள். "பெத்த பிள்ளைகள நம்பி அனுப்பிருக்காக உன் வீட்டுக்கு. என்ன பேச்சு பேசுத?"

"அட நீ யாருமே, கத்திகினு கீற? நா விக்கிறவ. செய்யறவன் எவனோ. போய் அவனக் கேளு."

"அவன் எங்க இருக்கான்?"

"எனுக்கு இன்னா தெரியும்."

சத்தம் கேட்டு மகள் போனை வைத்துவிட்டாள். அலமாரியின் கீழ்த்தட்டில் புது டப்பாக்கள் அடுக்கியிருந்தன. எதைப் பற்றிச் சண்டை என்று பார்க்கிற ஆவலில் அவள் ஒன்றை எடுத்து மூடியைத் திருகினாள். விரலை உள்ளே விடப் போனாள்.

லலிதா பாய்ந்தாள். டப்பா தெறித்து விழும்படி மகளின் கையில் ஓங்கி அறைந்தாள்.

"அத்தத் தொடாதன்னு உனுக்கு எத்தினி வாட்டி சொல்லிகீறேன்!"

சொல்லி முடித்த பிறகுதான் அவள் எங்களைப் பார்த்தாள்.

டப்பா கட்டிலுக்கடியில் உருண்டு நின்றது. அந்தப் பிள்ளை கையைத் தேய்த்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. அதன் முகம் என் முகத்தைவிடக் கறுப்பு, துடைத்து வைத்த மாதிரி சுத்தமான கறுப்பு. லலிதா தன் மகளுக்கு அந்தக் கிரீமில் ஒரு துளிகூடப் பூசியதில்லை. எங்களுக்கு ரசம் ஊற்றிய அதே கையால் எங்களுக்கு அதையும் கொடுத்தாள். தெரிந்தே கொடுத்தாள். மதினி வாசலில் காறித் துப்பினாள். நாங்கள் வெளியே வந்தோம்.

அங்கிருந்து நேரே ஜோதி வீடு. கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் மூடப் போனாள். மதினி கதவில் கை வைத்தாள். நான் பாதரசத்தைப் பற்றிப் பேசவில்லை, டாக்டர் சொன்னதைச் சொல்லவில்லை. லலிதா மகள் கையில் அறைந்ததை மட்டும் சொன்னேன். ஜோதிக்கு அந்தப் பிள்ளையைத் தெரியும். கணக்குச் சொல்லிக்கொடுத்தவளே இவள்தான்.

"அடிச்சாளா?"

"டப்பா தெறிச்சு விழுந்துருச்சு."

ஜோதி சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "அந்தப் பாப்பா ஒரு தபா என்னாண்ட கேட்டுச்சு. அம்மா எனுக்கு மட்டும் தர மாட்டேங்குதுக்கான்னு. படிக்கிற பொண்ணு, அதான் தரலன்னு நெனச்சேன்" என்றாள். பிறகு அழுதாள். மறுநாள் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது மதினி. ஒழுக்கு தொடங்கியிருந்தது, ஆனால் கொஞ்சம்தான். கர்ப்பம் முழுக்கக் கண்காணிப்பில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். பெண் குழந்தை. நல்லபடியாகப் பிறந்தது. பார்க்கப் போயிருந்தேன். ஜோதியின் மாமியார் குழந்தையின் காது மடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறந்த பிள்ளையின் காது நிறம்தான் பின்னால் அதன் நிறமாம். எனக்கு அந்த அறையில் நிற்கப் பிடிக்கவில்லை.

டாக்டர் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குக் கடிதம் எழுதினார். அதிகாரிகள் விடுதிக்கு வந்து பார்த்தார்கள். அதற்குள் அலமாரி காலி. லலிதா இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் வேறொரு விடுதியைப் பார்த்துக்கொள்கிறாள் என்று கேள்வி. அந்த இடத்தையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். விசாரணை நடக்கிறது என்கிறார்கள். டப்பாவைச் செய்தவன் யாரென்று எனக்கு இன்னும் தெரியாது. ஏதோ ஓர் அறையில், கையுறை மாட்டிக்கொண்டு ஒருவன் ரோஜா எசென்ஸ் ஊற்றிக் கலக்கிக்கொண்டிருப்பான் என்று தோன்றும்போதெல்லாம் உடம்பு கூசுகிறது. அவனுக்கு எங்களை ஏமாற்றக்கூட வேண்டியிருக்கவில்லை. நாங்கள் ஏற்கனவே தயாராக இருந்தோம். எங்களைத் தயார் செய்து அனுப்பிய எல்லோரும் நல்லவர்கள்.

அருப்புக்கோட்டையிலிருந்து ஆள் வந்து, "கிட்னி சீக்கு உள்ள பிள்ளை வேண்டாம்" என்று சொல்லிப் போனார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. அவர்களுக்குப் பிடித்ததே அந்தச் சீக்கைத்தான். அம்மாதான் அழுதாள். என் பழைய நிறம் வர வர இன்னும் அழுதாள். ஒருநாள் முற்றத்தில் வைத்து, "அந்தக் கலராவது நின்னுருக்கக் கூடாதா?" என்று கேட்டேவிட்டாள். நான் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து மதினி வந்தாள். "அத்தை, அவ மூத்திரத்த கேன்ல பிடிச்சு நான் சுமந்துருக்கேன். இனிமே இந்த வீட்டுல யாராவது கலருன்னு வாயெடுத்தா அந்தக் கேன கொண்டாந்து முன்னால வச்சிருவேன்." அம்மா அதற்குப் பிறகு கேட்கவில்லை.

ஒழுக்கு முழுவதும் நிற்க ஒரு வருடத்துக்குப் பக்கம் ஆயிற்று. சிறுநீர் தெளிந்த அன்று கழிப்பறையில் நின்று வெகுநேரம் பார்த்தேன். வெறும் மஞ்சள் தண்ணீர். அவ்வளவு அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை. வேலைக்குத் திரும்பிவிட்டேன். மாத்திரை தொடர்கிறது. உப்பு பாதி.

போன வாரம் சாயங்காலம் ஒரகடம் கூட்டுரோட்டில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். வேறு கம்பெனிச் சீருடையில் ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றாள். இருபது வயதுகூட இருக்காது. முகம் மாவு பூசினது மாதிரி வெள்ளை, கழுத்து வேறு நிறம். கண்ணிமைகள் தடித்திருந்தன. செருப்பின் வாரை ஒரு துளை தளர்த்தி மாட்டியிருந்தாள், அப்படியும் பாதத்தில் இறுகியிருந்தது. எனக்கு ரோஜா வாசனை வந்தது. அவள் மேலிருந்து வந்ததா, என் நினைப்பா என்று தெரியவில்லை. நான் நெருங்கி நின்று, எனக்கு முடிந்த அளவு தாழ்ந்த குரலில் கேட்டேன்.

"தப்பா நினைக்காதம்மா. காலையில போறப்ப மூத்திரம் நுரைக்குதா?"

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "லூசா நீங்க?" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் தள்ளிப் போனாள். எனக்கும் அவமானமாகத்தான் இருந்தது. கம்பெனி பஸ் வந்தது, அவள் ஏறினாள். சிக்னலில் கன்டெய்னர் லாரிகள் மறித்து நின்றதால் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடி நகர்ந்தது. அவள் தலையை வெளியே நீட்டினாள்.

"எத்தன நாளு நொரச்சா தப்பு, அக்கா?"

நான் பஸ்ஸோடு சேர்ந்து ஓடினேன். "எறங்கு" என்று கத்தினேன். "இங்கயே எறங்கு. நான் கூட்டிட்டுப் போறேன்."